மண்ணுக்குள்ளிருந்து வரும் செய்தி
புதைக்கப்பட்ட உணரிகளும் கம்பியில்லாத் தொடர்பாடலும்

தொடர்புடைய அலகுகள்: உராய்வு, நீர்நிலை அமுக்கம், மின்காந்தத் தூண்டல், மின்காந்த அலைகள்

மாணவர்களே,

நீங்கள் ஹற்றன், டிக்கோயா, வட்டவளை, தலவாக்கலை போன்ற இடங்களில் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பவராயின் இப்பாடத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே அறிவீர்கள். மழை விடாது பெய்யும் நாட்களில் வீட்டுப் பெரியவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பீலியில் வரும் தண்ணீர் திடீரெனக் கலங்கியிருக்கிறதா? ஊற்று இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்பியிருக்கிறதா? லயத்துச் சுவரில் வெடிப்பு அகன்றிருக்கிறதா? நேற்றுவரை இலகுவாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுகிறதா? மரம் சாய்ந்து நிற்கிறதா? இவை யாவும் மண்சரிவுக்கு முந்திய அறிகுறிகள் ஆகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இவற்றையே மக்களுக்கு அறிவுறுத்துகிறது.

ஆனால் இவ்வறிகுறிகள் யாவும் மண்ணின் மேற்பரப்பில் தெரிபவை. மலை நகரத் தொடங்குவது மேற்பரப்பிலன்று, பல மீற்றர் ஆழத்தில். அங்கே நடப்பது கண்ணுக்குத் தெரிவதற்குள் நேரம் கடந்துவிடலாம். இரவாயின் எதுவுமே தெரியாது. எனவே ஆழத்தில் ஓர் உணரியைப் புதைத்து, அது அறிவதை மேலே இருப்பவர்களுக்கு அனுப்பச் செய்ய முடியுமா என்பதே இப்பாடத்தின் வினா. முடியும். ஆயினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சிக்கலை விளங்கிக்கொண்டவருக்கு மேலே கூறிய நான்கு அலகுகளும் ஒன்றாக விளங்கும்.

மலை ஏன் சரிகிறது?

சாய்தளத்தில் வைத்த மரக்குற்றி வழுக்காமல் நிற்பது உராய்வினால் என்று தரம் 10 இல் படித்தீர்கள். எல்லை உராய்வு விசை, செவ்வன் மறுதாக்கத்திற்கு நேர்விகிதசமமாகும். மலைச்சரிவிலுள்ள மண்படையும் அவ்வாறே தன் கீழுள்ள பாறையின்மீது உராய்வினால் நிற்கிறது. வேர்களும் களிமண்ணின் ஒட்டும் தன்மையும் அதற்குத் துணை செய்கின்றன.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மண் துணிக்கைகளுக்கு இடையேயுள்ள வெளிகளை நிரப்பும்போது அந்நீர் ஓர் அமுக்கத்தைக் கொடுக்கும். இதுவே நுண்துளை நீரமுக்கம் எனப்படும். இவ்வமுக்கம் மண்படையைச் சிறிது மேல்நோக்கித் தாங்குவதுபோல் செயற்படுவதால், படையும் பாறையும் ஒன்றையொன்று நெருக்கும் விசை குறைகிறது. அது குறைய உராய்வும் குறையும்.

உதாரணக் கணக்கு 1. 5 மீற்றர் தடிப்பான மண்படையொன்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 2000 கிலோகிராம் எனவும், உராய்வுக் குணகம் 0.6 எனவும் கொள்க. (கணக்கை இலகுவாக்க நிலத்தின் சாய்வைப் புறக்கணிக்க. ஈர்வையினாலான ஆர்முடுகல் 10 எனக் கொள்க.)

அடியில் 1 சதுர மீற்றர் பரப்பின்மீது மண்ணின் நிறை = 5 × 2000 × 10 = 100,000 நியூற்றன்.
நீர் இல்லாதபோது எல்லை உராய்வு = 0.6 × 100,000 = 60,000 நியூற்றன்.
நீர் மேற்பரப்புவரை நிரம்பியபோது அடியில் நீரமுக்கம் = 5 × 1000 × 10 = 50,000 பஸ்கால்.
அப்போது நெருக்கும் விசை = 100,000 − 50,000 = 50,000 நியூற்றன்.
எல்லை உராய்வு = 0.6 × 50,000 = 30,000 நியூற்றன்.

உராய்வு சரிபாதியாகிவிட்டது. மலை அதே மலை, சாய்வும் அதே சாய்வு. உள்ளே ஏறிய நீர் மட்டுமே புதிது. “மழையினால் மண் கரைந்து சரிகிறது” என்று விடை எழுதுவோர் பலர். அது மண்ணரிப்பு. மண்சரிவுக்குக் காரணமாக நுண்துளை நீரமுக்கத்தைக் குறிப்பிடுவதே சரியான விடை.

மழைமானி மட்டும் போதாதா?

எமது நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை பெரும்பாலும் மழைவீழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானமாக இருக்குமாறு மஞ்சள் எச்சரிக்கை. 100 மில்லிமீற்றரைக் கடந்தால் செம்மஞ்சள். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுமாறு சிவப்பு எச்சரிக்கை. இவ்வெண்களை மனனம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உதவும்.

1 மில்லிமீற்றர் மழை என்பது 1 சதுர மீற்றரில் 1 லீற்றர் நீர். எனவே 150 மில்லிமீற்றர் மழை ஒரு ஹெக்டெயர் தேயிலை மலையில் 1500 தொன் நீரைக் கொட்டுகிறது. ஆனால் அதில் எவ்வளவு கான் வழியே ஓடியது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்பதை மழைமானி சொல்லாது. கான் தூர்ந்துபோன மலையில் அதிகம் இறங்கும். முந்திய இரு வாரமும் மழை பெய்திருந்தால் மண் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மலைகளில் ஒரே அளவு மழை பெய்தும் ஒன்று சரிய மற்றது நிற்பது இதனாலேயே. மழைமானி வானத்தைப் பற்றிக் கூறுகிறது. எமக்கு மண்ணைப் பற்றித் தெரிய வேண்டும்.

புதைக்கப்படும் உணரிகளுள் முக்கியமானவை மூன்று. மண்ணின் ஈரப்பதனை அளக்கும் உணரி, நுண்துளை நீரமுக்கத்தை அளக்கும் அமுக்கமானி, துளையில் இறக்கிய குழாய் எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்பதைக் காட்டும் சாய்வுமானி. முதலாவது நீர் வந்துவிட்டது என்கிறது. இரண்டாவது நீர் மலையைத் தூக்கத் தொடங்கிவிட்டது என்கிறது. மூன்றாவது மலை நகரத் தொடங்கிவிட்டது என்கிறது. இவ்வொழுங்கைக் கவனியுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் கிடைக்கும் நேரமே மக்கள் வெளியேறுவதற்கான நேரம்.

எண் 80

இனிச் சிக்கலுக்கு வருவோம். உணரி அளந்ததை ரேடியோ அலையாக மண்ணினூடாக மேலே அனுப்ப வேண்டும். வளியில் சில கிலோமீற்றர் செல்லும் அலை, ஈரமண்ணில் சில மீற்றரைக் கடக்கவே திணறுகிறது. காரணம் நீர்.

நீர் மூலக்கூறு முனைவுத்தன்மை உடையது என்று இரசாயனவியலில் படித்திருப்பீர்கள். அதன் ஒரு பக்கம் சிறிது நேர் ஏற்றமும் மறுபக்கம் சிறிது மறை ஏற்றமும் கொண்டது. மின்காந்த அலை வரும்போது அதன் மின்புலத்துக்கு ஏற்ப நீர் மூலக்கூறுகள் திரும்ப முயல்கின்றன. அதற்கான சக்தியை அலையிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன. நுணுக்கலை அடுப்பில் சோறு சூடாவது இவ்வாறுதான். அவ்வடுப்பின் மீடிறன் 2450 மெகாஹேட்ஸ். கைத்தொலைபேசியின் புளூடூத்தும் வைபையும் பயன்படுத்தும் 2400 மெகாஹேட்ஸ் அதற்கு அயலிலேயே உள்ளது. இதனுடன், மண்ணீரில் கரைந்துள்ள உப்புக்கள் அதனைச் சிறிது மின்கடத்தியாக்கி மேலும் இழப்பை உண்டாக்குகின்றன.

ஒரு பொருள் மின்புலத்துக்கு இவ்வாறு எவ்வளவு இணங்குகிறது என்பதைக் காட்டும் எண் மின்நுழைய மாறிலி எனப்படும். வளிக்கு அது 1. உலர்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 4. நீருக்கு ஏறத்தாழ 80. ஈரமண்ணுக்கு இடைப்பட்ட பெறுமானம், 20 ஐயும் தாண்டலாம்.

இந்த 80 என்ற எண்ணில்தான் பாடத்தின் சாரம் இருக்கிறது. ஈரப்பதன் உணரி எப்படி வேலை செய்கிறது? அதன் இரு உலோகத் தகடுகளும் இடையிலுள்ள மண்ணும் சேர்ந்து ஒரு கொள்ளளவி ஆகின்றன. மண்ணில் நீர் கூடக்கூட மின்நுழைய மாறிலி கூடும், கொள்ளளவமும் கூடும். அதை அளந்து ஈரத்தைக் கணிக்கிறோம். நீருக்கு 80 என்ற பெரிய எண் இருப்பதால்தான் இந்த அளவீடு இலகுவாகிறது. அதே 80 தான் அலையை விழுங்குகிறது. மலை ஆபத்தில்லாமல் உலர்ந்திருக்கும் நாளில் உணரியின் குரல் தெளிவாகக் கேட்கும். மலை நீர் நிரம்பிச் சரியப்போகும் இரவில் அது அடங்கிப்போகும். சொல்ல வேண்டிய செய்தியே சொல்லவிடாமல் தொண்டையை அடைக்கிறது.

உதாரணக் கணக்கு 2. 433 மெகாஹேட்ஸ் அலையின் அலைநீளத்தை வளியிலும், மின்நுழைய மாறிலி 25 உள்ள ஈரமண்ணிலும் காண்க.

வளியில்: அலைநீளம் = வேகம் ÷ மீடிறன் = 3 × 10⁸ ÷ (433 × 10⁶) = 0.69 மீற்றர்.
மண்ணில் அலையின் வேகம், வளியிலுள்ள வேகத்தை மின்நுழைய மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும். 25 இன் வர்க்கமூலம் 5. எனவே அலைநீளமும் ஐந்தில் ஒன்றாகி ஏறத்தாழ 0.14 மீற்றர் ஆகும்.

மீடிறன் மாறவில்லை என்பதைக் கவனிக்க. ஊடகம் மாறும்போது வேகமும் அலைநீளமும் மாறும், மீடிறன் மாறாது. இதைத் தவறவிடுவோர் ஆண்டுதோறும் உள்ளனர். நடைமுறையில் இதனால் இன்னொரு தொல்லையும் உண்டு. வளியில் 0.69 மீற்றருக்குப் பொருத்தமாகச் செய்த அன்ரனா மண்ணுக்குள் பொருத்தமற்றதாகிவிடும். மழை பெய்யும் நாளுக்கு ஒரு நீளம், வெயில் நாளுக்கு ஒரு நீளம் என்று அன்ரனாவை மாற்றிக்கொண்டிருக்க முடியாதல்லவா?

உதாரணக் கணக்கு 3. செலுத்தியின் வலு 10 மில்லிவாற்று. வாங்கி உணரக்கூடிய மிகக் குறைந்த வலு 10⁻⁹ மில்லிவாற்று. உலர்ந்த மண்ணில் ஒவ்வொரு மீற்றரிலும் வலு 100 இல் ஒரு பங்காகவும், ஈரமண்ணில் 10,000 இல் ஒரு பங்காகவும் குறைகிறது எனக் கொள்க. எவ்வளவு ஆழத்திலிருந்து செய்தி வரும்? (எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. வேறு இழப்புக்கள் இல்லையெனக் கொள்க.)

தாங்கக்கூடிய மொத்தக் குறைவு = 10 ÷ 10⁻⁹ = 10¹⁰.
உலர்ந்த மண்ணில் ஒரு மீற்றருக்கு 10². எனவே 10 ÷ 2 = 5 மீற்றர்.
ஈரமண்ணில் ஒரு மீற்றருக்கு 10⁴. எனவே 10 ÷ 4 = 2.5 மீற்றர்.

செலுத்தியின் வலுவைப் பத்து மடங்காக்கினால் என்ன? குறைவு 10¹¹ ஆகும். 11 ÷ 4 = 2.75 மீற்றர். பத்து மடங்கு வலுவுக்கு 25 சென்ரிமீற்றர்தான் கூடுதலாகக் கிடைத்தது! எனவே வலுவைக் கூட்டுவது தீர்வாகாது.

செயற்பாடு. பழைய கைத்தொலைபேசி ஒன்றின் வைபை ஒளிபரப்பை இயக்கி, இரண்டு பொலித்தீன் பைகளால் நன்கு சுற்றிக் கட்டுங்கள். (வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் தொலைபேசியை எடுத்துவிட்டு எம்மைக் குறை கூறாதீர்கள்.) அதை ஒரு வாளி உலர்ந்த மணலின் நடுவிலும், பின்னர் நன்றாக நனைந்த தோட்ட மண்ணின் நடுவிலும் வையுங்கள். இன்னொரு தொலைபேசியில் தெரியும் சைகையின் கோடுகளைக் குறித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று அளந்து அட்டவணைப்படுத்துங்கள்.

சிக்கலைக் கடக்கும் வழிகள்

ஒரு வழி, மீடிறனைக் குறைத்தல். பொதுவாக மீடிறன் குறையும்போது நீரினால் ஏற்படும் இழப்பும் குறையும். அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த இயன் அக்கில்டிஸ், எரிக் ஸ்ரன்ட்பெக் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இத்துறைக்கு நிலத்தடிக் கம்பியில்லா உணரி வலையமைப்பு என்னும் பெயரைப் பரவலாக்கியது. அதன் பின்னர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மெஹ்மெட் வுரான் குழுவினர் சோள வயல்களில் உணரிகளைப் புதைத்துப் பரிசோதித்தனர். வயலில் புதைப்பது சில பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில்தான். பயிரின் வேருக்கு அது போதும். மலைக்குப் போதாது.

இன்னொரு வழி, அலையையே கைவிட்டுக் காந்தத்தைப் பிடித்துக்கொள்ளுதல். மண்ணுக்குள் ஒரு கம்பிச் சுருள், மேலே ஒரு கம்பிச் சுருள். கீழ்ச்சுருளில் ஆடலோட்டம் பாயும்போது மேற்சுருளில் மின்னியக்கவிசை தூண்டப்படும். நிலைமாற்றியில் நீங்கள் படித்த அதே தத்துவம். நீரின் காந்த இயல்பு வளியினதைப் போன்றதே என்பதால் மண் நனைந்தாலும் காந்தப்புலம் பெரிதாகத் தளர்வதில்லை. ஐரோப்பாவின் பனிமலைகளில் சறுக்குவோர் உடலில் அணியும் கருவி 457 கிலோஹேட்ஸில் இவ்வாறே இயங்கி, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டறிய உதவுகிறது. ஆனால் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கிற்கேற்பக் குறையும். தூரம் இருமடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். எனவே இதற்கும் எல்லை உண்டு.

மூன்றாவது வழி மிக எளியது. உணரியை ஆழத்தில் வை, செலுத்தியை மேலே வை, இரண்டையும் ஒரு குழாய்க்குள் செல்லும் கம்பியால் இணை. ஆழத்தில் அளத்தல், வெளியில் பேசுதல். இது ஏமாற்று வேலை போலத் தோன்றலாம். ஆனால் மலையில் உண்மையாக வேலை செய்து காட்டியது இவ்வழியே.

மூணாறில் நடந்தது

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு, எமது நுவரெலியாவைப் போன்ற தேயிலை மலை. அங்கும் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் தமிழர். வசிப்பதும் லயங்களிலேயே. (மண்சரிவை அங்கே நிலச்சரிவு என்பர்.) அந்நகரின் அந்தோணியார் காலனி என்னுமிடத்தில் 2005 இல் சரிவு ஏற்பட்டது. அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா வினோதினி ரமேஷ் தலைமையிலான குழுவினர் அவ்விடத்தையே தெரிந்து, 2008 தொடக்கம் கம்பியில்லா உணரி வலையமைப்பொன்றை அமைத்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வுத் திட்டமொன்றின் உதவியும் அதற்குக் கிடைத்தது.

சரிவில் ஆழமான துளைகள் இடப்பட்டன. சில 20 மீற்றரையும் தாண்டின. ஒவ்வொரு துளையிலும் குழாய் இறக்கி, வெவ்வேறு ஆழங்களில் அமுக்கமானி, சாய்வுமானி, விகாரமானி, அதிர்வு உணரி என்பன பொருத்தப்பட்டன. அவற்றின் கம்பிகள் மேலே வந்து ஒரு பெட்டிக்குள் முடிந்தன. பெட்டிக்குள் 2400 மெகாஹேட்ஸில் பேசும் சிறிய கணு. ஒரு கணு நேரே நிலையத்துடன் பேசத் தேவையில்லை. அடுத்த கணுவுக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்லும். மலையில் ஒருவர் கூப்பிட்ட குரலை நடுவிலிருப்பவர் வாங்கி அடுத்த மலைக்குக் கூப்பிட்டுச் சொல்வதைப் போன்றது இது. இவ்வாறு கடத்தப்பட்ட தரவு மூணாறிலிருந்த நிலையத்தை அடைந்து, அங்கிருந்து செய்மதி வழியாகக் கொல்லம் மாவட்டத்தின் அமிர்தபுரி வளாகத்துக்குச் சென்றது.

மின்வலு இன்னொரு பிரச்சினை. பற்றரியின் கொள்ளளவு 2400 மில்லியம்பியர் மணித்தியாலம், விழித்திருக்கும் கணு எடுக்கும் மின்னோட்டம் 20 மில்லியம்பியர் எனக் கொண்டால், எப்போதும் விழித்திருக்கும் கணு 120 மணித்தியாலத்தில், அதாவது 5 நாளில் உயிரிழக்கும். 10 நிமிடத்தில் 6 செக்கன் மட்டும் விழித்தால் நூறு மடங்காக 500 நாள் தாங்கும். (உறக்கத்தில் எடுக்கும் சிறு மின்னோட்டத்தைப் புறக்கணித்துள்ளோம்.) சூரியப் பலகை வைத்தால் போதாதா என்பீர்கள். ஜூலை மாதத்தில் தென்மேல் பருவக்காற்று வீசும்போது உங்கள் தோட்டத்தில் எத்தனை நாள் வெயில் தெரிகிறது? அடிக்கடி அளக்க வேண்டிய அதே மாதத்தில்தான் பற்றரிக்குச் சோறில்லை. ஆகவே மழை இல்லாதபோது கணு அரிதாக விழிக்கவும், மழை கூடக்கூட அடிக்கடி விழிக்கவும் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது.

எச்சரிக்கையும் மூன்று படிகளைக் கொண்டிருந்தது. முன்கூட்டிய எச்சரிக்கை, இடைநிலை எச்சரிக்கை, உடனடி எச்சரிக்கை. மேலே நாம் கண்ட ஈரம், அமுக்கம், அசைவு என்ற ஒழுங்கு இதில் தெரிகிறதல்லவா? 2009 ஜூலையில் கடும் மழையின்போது நுண்துளை நீரமுக்கம் உயர்வதை ஆய்வாளர்கள் கண்டு எச்சரிக்கை விடுத்தனர். மக்கள் வெளியேறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். பின்னர் மழை தணிய அமுக்கமும் தணிந்தது. மலை சரியவில்லை. சரியாததால் எச்சரிக்கை பிழை என்று கூறலாமா? கூடாது. உராய்வு எவ்வளவு குறைந்தது என்பதை உணரி சரியாகவே சொன்னது. இன்னும் சிறிது மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் பரிசோதித்துப் பார்க்க விரும்பமாட்டார்.

பெட்டிமுடியின் இரவு

இதே மூணாறுப் பகுதியில், நகரிலிருந்து விலகியுள்ள பெட்டிமுடியில், 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் இறந்தனர். மழையினால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஏற்கெனவே அற்றுப்போயிருந்தன. இரவில் நடந்தது வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலையானது.

இதிலிருந்து தொழில்நுட்பம் பற்றி இரு விடயங்களை அறிய வேண்டும். முதலாவது, உணரி தான் புதைந்துள்ள மண்ணைப் பற்றி மட்டுமே பேசும். அந்தோணியார் காலனியில் இருந்த உணரிகளால் பெட்டிமுடியைப் பற்றி எதுவும் கூற முடியாது. ஒவ்வொரு சரிவிலும் துளையிடச் செலவு அதிகம். எனவே எந்தச் சரிவில் முதலில் புதைப்பது என்று தீர்மானிக்க மண்சரிவு அபாய வலய வரைபடம் தேவை. எமது நாட்டில் இவ்வரைபடங்களைத் தயாரிப்பதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே. பதுளை மாவட்டத்தில் பதுளுசிறிகம என்னுமிடத்தில் ஜப்பானின் தொழில்நுட்ப உதவியுடன் நீரமுக்கமானி, நீட்சிமானி போன்ற கருவிகள் பொருத்தப்பட்டு மண் அசைவு கண்காணிக்கப்பட்டது.

இரண்டாவது, செய்தி மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்டால் போதாது. கைத்தொலைபேசிக் கோபுரம் மின்சாரத்தை நம்பியுள்ளது. மின்சாரக் கம்பி மரத்தை நம்பியுள்ளது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் எங்கும் இதைக் கண்டோம். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்த அதே நேரத்தில் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் செயலிழந்தன. ஆகவே நல்ல திட்டமொன்றில் கணுவிலிருந்து லயத்து முற்றத்திலுள்ள சங்குக்கு நேரடியாகச் செல்லும் ஒரு பாதையும் இருக்க வேண்டும். தரவு தலைநகருக்குப் போய்த் திரும்பி வரும்வரை சங்கு காத்திருக்கக்கூடாது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி காலை லயங்கள் புதையுண்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்நிலம் அபாயமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. செய்தி மண்ணிலிருந்து வந்துவிட்டது, காகிதத்திலும் ஏறிவிட்டது. போவதற்கு வேறு வீடு மட்டும் இருக்கவில்லை. தொடர்பாடல் தொகுதியொன்றின் வரிப்படத்தை வரையச் சொன்னால் உணரி, செலுத்தி, ஊடகம், வாங்கி என்று வரைந்து நிறுத்திவிடுவீர்கள். வாங்கிக்கு அப்பால் “செயல்” என்று இன்னொரு பெட்டியும் வரையுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தது. 400 சதுர மீற்றர் பரப்பில் விழுந்த நீரின் திணிவைக் காண்க. (விடை: 40,000 கிலோகிராம்)

2. ரேடியோ அலையொன்று வளியிலிருந்து ஈரமண்ணுக்குள் செல்கிறது. மீடிறன், வேகம், அலைநீளம் ஆகியவற்றுள் மாறுபவை எவை? மாறாதது எது?

3. கணக்கு 1 இல் நீர்மட்டம் மேற்பரப்புக்கு 2 மீற்றர் கீழே இருப்பின் எல்லை உராய்வைக் கணிக்க. (உதவி: அடிக்கு மேல் நீரின் உயரம் 3 மீற்றர். மண்ணின் நிறை மாறவில்லை எனக் கொள்க. விடை: 42,000 நியூற்றன்)

4. “ஈரப்பதன் உணரிக்கு உதவும் நீரின் இயல்பே கம்பியில்லாத் தொடர்பாடலுக்குத் தடையாகிறது.” விளக்குக. (மின்நுழைய மாறிலி, கொள்ளளவி, சக்தி உறிஞ்சல் ஆகிய மூன்றும் விடையில் வரவேண்டும். 80 என்ற எண்ணை எழுதினால் மட்டும் போதாது, அது எதற்கு உதவி, எதற்குத் தடை என்று இரண்டையும் எழுதுக.)

5. உமது லயத்துக்கு மேலுள்ள சரிவில் மூன்று உணரிகள் மட்டுமே புதைக்கலாம் எனின், எவற்றை, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் புதைப்பீர்? காரணம் தருக. (இதற்கு ஒரே விடை இல்லை. சரிவின் படமொன்றை வரைந்து கான், பீலி, பழைய வெடிப்பு, பெரிய மரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தொடங்குக. வீட்டிலுள்ள வயதானவர்களிடம் அம்மலையில் எங்கே முன்னர் மண் இறங்கியது என்று கேட்டு அதையும் படத்தில் குறிக்க.)